மாதிரி பாட்டிலோடு உங்கள் வாசலில்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் தேவாலயங்களையும் நடத்திவரும் நிர்வாகக் குழுப் பெரியவர்களுக்கு,



உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரிந்திருக்காது. ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் கண்ணாடிப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு சந்து சந்தாக வருகிற ஆள் நான். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குழாயின் வாயைச் சுடுவேன். பிறகு இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பாட்டிலின் விளிம்பில் விரல் படாமல் மாதிரி பிடிப்பேன். முப்பத்தோரு ஆண்டுகள் மாநகராட்சியில் இதுதான் என் வேலை. "தண்ணி வர்றதே ரெண்டு மணி நேரம், அதுல ரெண்டு நிமிஷத்த நீ சாக்கடைல விடுற" என்று குழாயடியில் ஏசாத பெண் கிடையாது. ஏசிவிட்டு, "நல்ல தண்ணிதானே?" என்று கேட்காத பெண்ணும் கிடையாது.

தாராவியில் பிறந்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். ஓய்வுபெற்ற பிறகு செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் சேடா நகர் முருகனைப் பார்க்காமல் எனக்குப் பொழுது போகாது. சிறுவயதில் அம்மா என்னைப் புதன்கிழமை நொவேனாவுக்கு மாகிம் மைக்கேல் கோயிலுக்கும், காய்ச்சல் வந்தால் மக்தூம் ஷா பாபா தர்காவுக்கும் கூட்டிப்போவாள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் கைகூப்புவாள். அந்த அம்மாவின் பிள்ளையாகத்தான் இதை எழுதுகிறேன். சாமியே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த வழக்கை நடத்த வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

2006 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. இரவு சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்து வைத்த நேரம். "மாகிம்ல கடல் தண்ணி தித்திக்குதாம், பாபா அருளாம்" என்று சந்தில் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் தெருவே காலி. சொம்பு, குடம், குளிர்பானப் பாட்டில், எண்ணெய் வாங்கும் டப்பா, எது கையில் கிடைத்ததோ அதோடு ஓடினார்கள். கழிமுகத்தின் கரையில் ஆயிரக்கணக்கானவர்கள். மராத்தியில் காடி என்பார்களே, அந்த மாகிம் காடிதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று கைகளால் அள்ளிக் குடித்தார்கள். முஸ்லிம்கள் மட்டும் இல்லை. திருநீறு பூசியவர்கள் குடித்தார்கள், சிலுவைச் செயின் போட்டவர்கள் குடித்தார்கள். குழந்தைகள் வாயிலும் ஊற்றினார்கள். குடிக்காதீர்கள் என்று அரசும் மாநகராட்சியும் எச்சரித்தன. வயிற்றுப்போக்கு பரவினால் சமாளிக்க மருத்துவமனைகள் தயாராயின.

அந்தக் காடியில் என்ன வந்து சேருகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரில் பிறக்கிற மித்தி ஆறு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவைத் தாண்டி, நம் தாராவியின் ஓரத்தை உரசிக்கொண்டு மாகிமில் கடலைத் தொடுகிறது. வழியெல்லாம் பட்டறைக் கழிவும் எண்ணெயும் வீட்டுச் சாக்கடையும் அதில் கலக்கின்றன. நம் வீட்டுச் சாக்கடையும்தான். அதற்கு முந்தைய ஆண்டு 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அந்த ஆறு நம் அறைகளுக்குள் ஏறி வந்து போனது. அரிசியையும் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் தூக்கிப் போட்டோமே, அந்த நாற்றம் யாருக்கு மறந்திருக்கும்? அதைக் கழுவித் தள்ளியவர்களேதான் பதின்மூன்று மாதம் கழித்து அதே தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள்.

இதை முட்டாள்தனம் என்று எழுதிய பத்திரிகைகளை அப்போது படித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முந்தைய ஆண்டு தங்களை மூழ்கடித்த தண்ணீர் இந்த ஆண்டு தங்களை மன்னித்து வந்திருக்கிறது என்று நம்ப ஆசைப்பட்டார்கள். நல்ல தண்ணீருக்காக விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நிற்கிற சனம். கடலே நல்ல தண்ணீராகிவிட்டது என்றால் அந்தச் சனம் ஓடாமல் யார் ஓடுவார்கள்?

அவர்கள் நாக்கு பொய் சொல்லவும் இல்லை. உப்பு உண்மையிலேயே குறைந்திருந்தது. பலத்த மழைக்குப் பிறகு மித்தி ஆறு ஏராளமான நன்னீரைக் கொண்டுவந்து கொட்டியது. நன்னீருக்கு எடை குறைவு, உப்புநீருக்கு எடை கூடுதல். எனவே ஆற்றுநீர் உடனே கலந்துவிடாமல் கடல்நீரின் மேல் ஒரு பாயை விரித்தது போலப் படர்ந்து கிடந்தது. மேலே அள்ளியவர்களுக்குக் கரிக்கவில்லை. பவாய் ஐஐடியின் புவியியல் ஆய்வாளர்கள் இதைத்தான் சொன்னார்கள். மறுநாள் பிற்பகலுக்குள் தண்ணீர் பழையபடி கரித்தது. அதற்குள் குஜராத்தின் தீத்தல் கடற்கரையிலும் கடல் தித்திக்கிறது என்று கூட்டம் கூடியிருந்தது.

உப்பு குறைந்தால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று ஆகாது. கிருமிக்குச் சுவை கிடையாது. இந்த ஒரு வாக்கியத்தை அன்று இரவு கரையில் நின்று, அந்த மக்கள் மதிக்கிற ஒருவர் சொல்லியிருக்கவேண்டும். விஞ்ஞானி மறுநாள் தொலைக்காட்சியில் சொன்னார். சனம் அன்று இரவே குடித்துவிட்டது.

என் அக்கா மகளும் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். அவள் பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. ஒரு மூடி அளவு அவன் வாயில் ஊற்றியபிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். என் வேலைப் பெட்டி என் தோளில் இருந்தது. கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாட்டில்கள் உள்ளே இருந்தன. "கொஞ்சம் குடுக்கா, என்னன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏலே, பாபா குடுத்த தண்ணி இது. பாட்டில்ல புடிச்சுப் பாக்கதுக்கு இது என்ன கார்ப்பரேசன் குழாயா?"

நான் பேசாமல் இருந்துவிட்டேன். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், நாளைக்கும் முகத்தில் முழிக்கவேண்டியவர்கள். பிள்ளையின் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி மூன்று இரவுகள் உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்றாள் அக்கா. ஒன்றும் ஆகாததே அவளுக்குச் சான்றாகிவிட்டது. அது தற்செயல் என்று விளக்க என்னிடம் எண் எதுவும் இல்லை. மாதிரி பிடித்திருந்தால் இருந்திருக்கும். வேலையில் இருந்த முப்பத்தோரு ஆண்டுகளில் நான் பிடிக்காமல் விட்ட ஒரே மாதிரி அதுதான். இத்தனை வருடம் கழித்து இந்த மடலை எழுதவைத்ததும் அதுதான்.

அக்கா சொன்ன அந்தப் பாபா, மக்தூம் அலி மாகிமி, யார்? பதினான்கு, பதினைந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பெரும் அறிஞர். குர்ஆனுக்கு விரிவுரை எழுதியவர், சட்டமும் தத்துவமும் கற்றவர். அவருடைய திருவிழாவில் இன்றும் முதல் சந்தன ஊர்வலத்தை மும்பை போலீஸ் எடுத்துப்போகிறது. புத்தகத்தோடு வாழ்ந்த அந்த மகானின் பேரால் வந்த தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது அவருக்கு எப்படி அவமரியாதையாகும்? இதை அன்று அக்காவிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்று உங்களிடம் கேட்கிறேன்.

கோயில் பெரியவர்களே, இது தர்காவின் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். 1995 செப்டம்பர் 21 நினைவிருக்கிறதா? விடியும் முன்னே தில்லியில் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று கிளம்பிய சேதி, தொலைபேசி வழியே அன்று மாலைக்குள் உலகத்தையே சுற்றி வந்தது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும் கரண்டியோடு வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். கரண்டியிலிருந்து பால் போனது உண்மை, என் கண்ணால் பார்த்தேன். மத்திய அரசின் அறிவியல் துறையைச் சேர்ந்தவர்கள் பாலில் சாயம் கலந்து காட்டியபோதுதான் அது எங்கே போனது என்று தெரிந்தது. விளிம்பு தளும்ப நிற்கிற பால் கல்லைத் தொட்டதும், பரப்பு இழுவிசையால் கல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உடம்பு வழியே இறங்கிவிடுகிறது. அபிஷேகத்தில் ஏற்கெனவே நனைந்த கல் என்றால் இன்னும் சுலபம். இதில் யாருக்கும் உடம்புக்குக் கெடுதல் இல்லை, பால்தான் கிடைக்காமல் போனது. மாகிம் தண்ணீருக்கு மூன்றே நாளில், 2006 ஆகஸ்ட் 21 வாக்கில், வடக்கே மறுபடியும் சிலைகள் பால் குடிக்கும் சேதி கிளம்பியதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சோதிக்காமல் விட்ட ஒரு சேதி அடுத்த சேதிக்கு வழிவிட்டது.

தேவாலயப் பெரியவர்களிடம் இன்னும் தயங்கித்தான் பேசவேண்டியிருக்கிறது. நடந்தது அப்படி. விலே பார்லேயை ஒட்டிய இர்லாவில் வேளாங்கண்ணி மாதா கோயில் இருக்கிறது. நாகப்பட்டினம் வரை போக முடியாத நம் ஆட்களுக்கு அது ஆறுதலான இடம். 2012 மார்ச்சில் அங்கே சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. சனம் அதைப் பிடித்துவைத்து வணங்கியது, குடிக்கவும் செய்தது. பகுத்தறிவாளர் சங்கத்தைச் சேர்ந்த சனல் எடமருகு, ஒரு தொலைக்காட்சியின் அழைப்பில் வந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த கழிவறையின் வடிகால் அடைத்துக்கொண்டிருந்தது. தேங்கிய நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, சுவரின் நுண்துளைகள் வழியே ஏறி, ஆணி அடித்த துளையில் வெளிப்பட்டுப் பாதத்தில் சொட்டியது. அவர் கண்டு சொன்னது அவ்வளவுதான்.

தொலைக்காட்சி விவாதத்தில் திருச்சபையைப் பற்றி அவர் கடுமையாகப் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் முழந்தாளிட்டு நிற்கும் இடத்தில் குரலை உயர்த்தக்கூடாது என்பது என் அம்மா கற்றுக்கொடுத்தது. ஆனால் அதற்காக நடந்தது என்ன? மத உணர்வைப் புண்படுத்தினார் என்று அன்றைய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவின் கீழ் மும்பைக் காவல் நிலையங்களில் புகார்கள் குவிந்தன. மூன்றாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய பிரிவு அது. அந்த ஆண்டு ஜூலை கடைசியில் அவர் நாட்டைவிட்டே போய்ப் பின்லாந்தில் தங்கினார். அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது; 1976இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அந்தக் கடமையைச் செய்தவருக்கு ஊர் இல்லாமல் போயிற்று. அடைத்த வடிகாலைக் காட்டியவர் மேல் கோபப்பட்டோம், அடைத்த வடிகாலோடு சனத்தைக் குடிக்கவிட்டோம்.

இதில் என்னை அதிகம் வருத்துவது ஒன்று உண்டு. ஒரு நிகழ்ச்சியை அற்புதம் என்று ஏற்குமுன் ஆண்டுக்கணக்கில் விசாரிக்கும் பழக்கம் கத்தோலிக்கத் திருச்சபைக்கே உண்டு. ஒருவரைப் புனிதராக அறிவிக்க முன்வைக்கப்படும் குணப்படுத்தல்களை மருத்துவர் குழு ஆராய்கிறது. மருத்துவத்தால் விளக்க முடிந்தால் அது தள்ளுபடியாகிறது. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு பாதிரியார். பட்டாணிச் செடியில் மரபியலைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. சோதித்துப் பார் என்று சொல்ல உங்கள் வீட்டுக்குள்ளேயே ஆள் இருந்திருக்கிறார்கள்.

இர்லாவுக்கு அடுத்த ஆண்டு நடந்ததை எழுதக் கை நடுங்குகிறது. 2013 ஆகஸ்ட் 20 காலை, புனேயில் நடைப்பயிற்சிக்குப் போன மருத்துவர் நரேந்திர தாபோல்கரைச் சுட்டுக் கொன்றார்கள். கடவுளை வணங்காதே என்று அவர் இயக்கம் நடத்தவில்லை. பில்லி சூனியம் என்றும் நரபலி என்றும் ஏழைகளின் பணத்தையும் உயிரையும் எடுப்பவர்களுக்கு எதிராகத்தான் சட்டம் கேட்டார். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த அந்தச் சட்டம், அவர் இறந்த சில நாளில் அவசரச் சட்டமாக வந்து, அந்த டிசம்பரிலேயே சட்டமன்றத்தில் நிறைவேறியது. சுட்ட இருவருக்கு 2024 மே மாதம் புனே நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. கேட்டது ஒரு சட்டம். அதற்கு அவர் கொடுக்க நேர்ந்தது உயிர்.

தப்பு ஒரு பக்கம் மட்டும் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். அறிவியலின் பேரால் வந்தவர்களும் இந்த ஊரில் சனத்தைப் புண்படுத்தியிருக்கிறார்கள். 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் நோயை மருத்துவர் அகாசியோ வியகாஸ் கண்டுபிடித்தார். அதற்குப் பின் வெள்ளை அரசு செய்தது என்ன? வீடு வீடாகப் புகுந்து தேடினார்கள். பெண்களின் அக்குளையும் தொடை இடுக்கையும் அந்நிய ஆண்கள் சோதித்தார்கள். நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிய்த்து எடுத்துப்போனார்கள். அந்த அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். அவர்கள் மருந்தை வெறுக்கவில்லை. மருந்தைக் கொண்டுவந்தவனின் கையில் இருந்த தடியை வெறுத்தார்கள்.

அதே ஊரில், அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். வால்டெமார் ஹாஃப்கின் என்ற யூத விஞ்ஞானி, கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் சின்ன அறையில் பிளேக் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். சனம் நம்பவில்லை. அப்போது இஸ்மாயிலி முஸ்லிம்களின் சமயத் தலைவர் மூன்றாம் ஆகா கான் முன்னே வந்தார். இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர். தன் மக்கள் பார்க்க, பகிரங்கமாக, தன் கையில் ஊசி போட்டுக்கொண்டார். ஒரு முறைக்குப் பல முறை போட்டுக்கொண்டார். ஹாஃப்கினின் வேலைக்கு இடமும் கொடுத்து உதவினார். அவருக்குப் பின்னால் அவர் சமூகத்தார் ஆயிரக்கணக்கில் வந்து போட்டுக்கொண்டார்கள். பரேலில் இன்றும் நிற்கிற ஹாஃப்கின் நிறுவனத்தைக் கடந்துபோகும்போதெல்லாம் அந்த விஞ்ஞானியை நினைப்பேன். பெயர்ப்பலகையில் இல்லாத அந்த இளைஞரையும் நினைப்பேன். மருந்து செய்யத் தெரிந்தவரிடம் சனத்தின் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருந்தவர் கையை நீட்டினார்.

நீங்களும் ஒருமுறை அப்படிக் கையை நீட்டியவர்கள்தான். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. இரண்டே கால் சதுர கிலோமீட்டரில் பத்து லட்சம் பேரை நெருங்கும் கூட்டம், எட்டுப் பேருக்கு ஒரு அறை, பல பேருக்கு ஒரு கழிவறை. இந்த இடம் சுடுகாடாகும் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். அந்த ஏப்ரலில் ஈஸ்டர் வந்தது, சித்திரை முதல் நாள் வந்தது, ரம்ஜான் நோன்பு தொடங்கியது. எல்லாம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. கடவுள் காப்பாற்றுவார், கூட்டமாக வாருங்கள் என்று நீங்கள் சொல்லியிருந்தால் சனம் வந்திருக்கும். நீங்கள் சொல்லவில்லை. வீடு வீடாக வந்த மருத்துவர்களுக்குக் கதவு திறந்தது. ஜூலை 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் இத்தாலி, ஸ்பெயின், தென் கொரியாவோடு சேர்த்துத் தாராவியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெருமையில் ஒரு பங்கு உங்கள் சாத்திய கதவுகளுடையது. அதை யாரும் உங்களுக்கு வந்து சொல்லியிருக்கமாட்டார்கள், நான் சொல்கிறேன்.

அந்த நிதானம் எப்போதும் வாய்ப்பதில்லை. 2025இல் நம் மாட்டுங்காவுக்கு அடுத்த தாதரில் புறாக்கூண்டு விவகாரம் வெடித்ததைப் பார்த்தீர்கள். புறாவின் எச்சமும் இறகுத் தூசியும் நுரையீரலில் தீராத நோயை உண்டாக்கும் என்கிறார்கள் மருத்துவர்கள். புறாவுக்குத் தானியம் போடுவது தர்மம் என்கிறார்கள் ஜைன சகோதரர்கள். அரசு மூடச் சொன்னது, மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது, ஆகஸ்ட் 6ஆம் தேதி கூட்டம் வந்து அந்தத் தார்ப்பாயைக் கிழித்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் நிபுணர் குழுவை அமைக்கச் சொல்லவேண்டியதாயிற்று. மூச்சுத் திணறுகிற நோயாளியையும் கூட்டிக்கொண்டு மருத்துவர் அந்தப் பெரியவர்களிடம் பல வருடம் முன்பே போய் உட்கார்ந்திருக்கவேண்டும். உயிர்க்கொலை கூடாது என்பதை வாழ்க்கையாகக் கொண்டவர்கள், ஒரு மனித உயிரின் மூச்சைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

குவாலியரில் பாதுகாப்புத் துறையின் ஆய்வகத்தில் மஞ்சா என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1982இல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். சின்ன பாட்டிலுக்குள் மருந்தில் நனைத்துக் காயவைத்த ஒரு காகிதப் பட்டை இருக்கும். அதில் தண்ணீரை ஊற்றி மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வைக்கவேண்டும். மும்பைச் சூடே போதும், சூடுகாட்டும் பெட்டியோ மின்சாரமோ வேண்டாம். மலக்கழிவோடு வரும் கிருமி இருந்தால் தண்ணீர் மையாகக் கறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படிக்கக்கூடிய முடிவு. இது முதல் எச்சரிக்கைதான், கறுக்காவிட்டால் எல்லாம் சரி என்று பொருள் இல்லை. கறுத்தால் மட்டும் ஒரு சொட்டும் யார் வாயிலும் போகக்கூடாது.

இந்தப் பாட்டில்கள் உங்கள் ஒவ்வொருவரின் அலுவலக அலமாரியிலும் இருக்கவேண்டும் என்று கேட்கிறேன். மாதம் ஒருமுறை கோயில் தீர்த்தத்தையும், பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் தண்ணீரையும், தேவாலயத் தண்ணீர்த் தொட்டியையும் நீங்களே, உங்கள் கையாலேயே பிடித்துச் சோதியுங்கள். பிள்ளைகள் பார்க்கச் செய்யுங்கள். முடிவை வாசலில் எழுதிப் போடுங்கள். சோதனை என்பது வெளியாள் வந்து அவமதிப்பது இல்லை, வீட்டுப் பெரியவர் செய்கிற காரியம் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பழகட்டும்.

சோதித்தால் நம் வழக்கமெல்லாம் பொய்யாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். தீர்த்தத்தைச் செம்புப் பாத்திரத்தில் வைக்கிறோமே, அதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். செம்புப் பானையில் பதினாறு மணி நேரம் வைத்த தண்ணீரில் காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகள் செத்துப்போயின. நம் பாட்டிகள் ஜெயித்தார்கள். ஆனால் பதினாறு மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். காலையில் ஊற்றி உடனே உள்ளங்கையில் விடுகிற தீர்த்தத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. முந்தின நாள் மாலையே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை நமக்குக் கொடுத்தது சோதனை.

இன்னொன்றையும் கேட்கவேண்டும், பாட்டிலைவிட இது கடினம். அடுத்த அற்புதம் வரும். எந்தச் சந்தில், எந்தச் சாமியின் பேரில் என்று தெரியாது, ஆனால் வரும். அப்போது கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் தயங்கி நிற்பார். நர்ஸாக இருக்கலாம், பத்தாம் வகுப்புப் பெண்ணாக இருக்கலாம், என்னைப் போல மாதிரி எடுக்கிறவராக இருக்கலாம். "கொஞ்சம் பார்த்துவிட்டுக் குடிக்கலாமே" என்று வாய்வரை வரும், சொல்லமாட்டார். நானும் அப்படி நின்றவன்தான். அவருக்குப் பக்கத்தில் நீங்கள் போய் நில்லுங்கள். "இவர் பார்த்துச் சொல்லட்டும், அதுவரை யாரும் தொடவேண்டாம்" என்று ஒலிபெருக்கியில் நீங்கள் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் அவர் மேல் புகார் கொடுக்க யாராவது கிளம்பினால் வழியை மறியுங்கள். ஆகா கான் கையை நீட்டியதற்கு ஈடான காரியம் இது.

தோல் கிடங்கில் உழைத்த தலைமுறை, தாராவியில் பெரிய மசூதியை 1887இல் தொடங்கியது, பிள்ளையார் கோயிலை 1913இல் எழுப்பியது. நல்ல தண்ணீர்க் குழாய் நம் சந்துகளுக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். தண்ணீருக்கு முன்னால் சாமியைக் கட்டிக்கொண்ட சனம் இது. உங்கள் வார்த்தைக்கு அவர்கள் கொடுக்கும் மதிப்பை எந்த ஆய்வகமும் சம்பாதிக்க முடியாது.

அக்கா மகளின் பிள்ளை இப்போது கல்லூரி முடிக்கப் போகிறான். அந்தப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பட்டை போட்ட பாட்டில்கள் பன்னிரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். எந்த வாசலில் கூப்பிட்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறேன். சொல்லியனுப்புங்கள்.

செம்பூரிலிருந்து,
தண்ணீர் மாதிரி எடுத்துவந்த உங்கள் தாராவிக்காரன்